பூப் போட்டுப் பார்த்த தவசியாண்டி

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, கம்மாக்கரை ஓரமா ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல தவசியாண்டின்னு ஒருத்தன், அவன் பொண்டாட்டி இருளாயி. ஆளு நல்ல ஆளுதான். வம்புக்குப் போக மாட்டான், களவு தெரியாது. ஆனா பூப் போட்டுப் பாக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான்.

பூப் போட்டுப் பாக்குறதுன்னா தெரியுமில்ல? வெள்ளப் பூவ ஒரு எலையில மடிச்சு, செவப்புப் பூவ இன்னொரு எலையில மடிச்சு, ரெண்டையும் குலுக்கி ஊர்க் காவல் சாமி எல்லையம்மா காலடியில போட்டு, கண்ண மூடிக்கிட்டு ஒண்ண எடுக்கணும். வெள்ளை வந்தா செய்யி, செவப்பு வந்தா செய்யாத. கல்யாணம் காச்சிக்கு ஊர்ல எல்லாரும் பாக்குறதுதான். இவன் தலைக்கு எண்ணெய் தேய்க்கவே பாப்பான்.

மழை பேஞ்சு ஊரே ஏர் பூட்டுச்சு. இவன் பூப் போட்டான், செவப்பு. அந்த வருசம் வெதைப்பு போச்சு. "நான் என்ன செய்ய, அம்மா சொல்லிட்டா"ன்னான். அப்புறம் மாடு வயிறு உப்பிப் படுத்துருச்சு, வைத்தியரக் கூட்டியாங்கன்னு இருளாயி கெஞ்சுனா. பூப் போட்டான், செவப்பு. மாடு செத்துச்சு. "நான் என்ன செய்ய, அம்மா சொல்லிட்டா." அப்புறம் கூரை ஒழுகுச்சு. பூப் போட்டான், செவப்பு. கூரை அடுப்பு மேலயே விழுந்துச்சு. என்ன சொல்லியிருப்பான்? ஆங், அதேதான்.

எப்பிடி எப்பப் பாத்தாலும் செவப்பே வரும்னு கேக்குறியா? அங்கதான் இருக்கு சேதி. மொதல்ல வெள்ளை வந்துச்சுன்னா, கை நடுங்கிருச்சுன்னு மறுபடி போடுவான். அப்பவும் வெள்ளை வந்தா, காத்து அடிச்சிருச்சுன்னு மறுபடி போடுவான். செவப்பு வந்தா மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுட்டு வீட்டப் பாக்க வந்துருவான். இது இருளாயிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. புருசனாச்சேன்னு அவளும் வாயத் தெறக்கல.

அந்த ஊரு கம்மாயில ஒரு கலுங்கு உண்டு. கம்மா நெறஞ்சா மிச்சத் தண்ணி வெளிய போற வழி அது. அத ஒரு பெரிய பலகை போட்டு அடைச்சிருப்பாங்க. மழைக்காலத்துல வீட்டுக்கு வீடு மொற வச்சுப் பலகையத் தூக்கி விடணும், இல்லைன்னா கரை தாங்காது. ஒருநா மத்தியானம் வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. அன்னைக்கு மொற தவசியாண்டிக்கு. "கம்மா தளும்புது, போங்க"ன்னு இருளாயி வெரட்டுனா. இவன் நேரா கோயிலுக்குப் போனான். பூப் போட்டான், வெள்ளை. கை ஈரம்னு மறுபடி போட்டான், வெள்ளை. எலை நனைஞ்சிருச்சுன்னு மறுபடி போட்டான், செவப்பு. கும்பிட்டுட்டு வந்து பாயில படுத்துட்டான்.

இருளாயிக்குப் பதறிப்போச்சு. தானே ஓடுனா, பலகையப் பிடிச்சு இழுத்தா, அசையல. கத்தி ஆளக் கூப்புட்டு, ஆளு வந்து சேர்றதுக்குள்ள கரை ஒடஞ்சுபோச்சு. பால் பிடிச்ச கதிரு அத்தனையும் தண்ணிக்குள்ள. ஊரே தலையில கை வச்சு ஒக்காந்துருச்சு.

சேதி கேட்டு ராசா வந்தாரு. யாரு மொறன்னு கேட்டாரு. "மொற என்னுதுதான் மகாராசா. தப்பு என்னுது இல்ல. அம்மா போகாதன்னு சொல்லிட்டா"ன்னான் தவசியாண்டி. ராசாவுக்குச் சிக்கலாப் போச்சு. தப்பு செஞ்சவன ஊர விட்டு அனுப்பலாம், எல்லையம்மாவ எங்க அனுப்புறது? சனமும் அம்மா கோவிச்சுக்குவாளோன்னு கன்னத்துல போட்டுக்கிச்சு.

அப்ப இருளாயி முன்னால வந்தா. "அம்மா சொல்லித்தான போகல மகாராசா. இவர ஊர்ல வச்சுக்கிறதா அனுப்புறதான்னும் அம்மாவையே கேட்டுருவோம். வெள்ளை வந்தா இருக்கட்டும், செவப்பு வந்தா போகட்டும். நான் மடிக்கிறேன், அவரே எடுக்கட்டும்"னா. செவப்பு வந்தா நீயும் கூடப் போவியா ஆத்தான்னு ராசா கேட்டாரு. மாட்டேன்னுட்டா.

எல்லாரும் கோயிலுக்குப் போனாங்க, இருளாயி ரெண்டு எலைய மடிச்சு அம்மா காலடியில போட்டா. தவசியாண்டி இது வரைக்கும் செவப்பு வேணும்னுதான பூப் போட்டான்? இன்னைக்கு வெள்ளை வேணும், மறுபடி போடுறேன்னு சொல்லவும் முடியாது, ஊரே பாக்குது. கண்ண மூடி ஒரு பொட்டலத்த எடுத்துப் பிரிச்சான். உள்ள பூவே இல்ல. அடிச்சுப் பிடிச்சு இன்னொண்ணையும் பிரிச்சான். அதுலயும் இல்ல.

"என்ன புள்ள, பூவக் காணோம்?"னான்.

"அம்மா இன்னைக்கு ஒண்ணும் சொல்லல. நீங்க சொல்லுங்க"ன்னா இருளாயி.

அம்மாவப் பாத்தான், அவ எப்பவும் போல ஒக்காந்திருந்தா. ஊரப் பாத்தான். எவனும் அவனத் திட்டல, அதுதான் அவனுக்குத் தாங்கல. வெறும் எலையக் கீழ வச்சுட்டுச் சொன்னான். "மொதப் பொட்டலமும் வெள்ளை, ரெண்டாவதும் வெள்ளை. அம்மா போகத்தான் சொன்னா. மழையில நனைய எனக்கு மனசு இல்ல. போகாதது நான்தான்."

தண்டனையையும் நீயே சொல்லுன்னாரு ராசா. ஒடஞ்ச கரைய நானே மண்ணு சொமந்து அடைக்கிறேன், எனக்குத் தண்ணி ஏறாத மேட்டுக்காடு ஒண்ணு இருக்கு, ஊரு மறு வெள்ளாமை எடுக்குற வரைக்கும் அதுல வெளையிறது ஊருக்குன்னான். சொன்னபடி சொமந்தான், தோளு காய்ச்சுப்போச்சு. இருளாயியும் கூட வந்து கூடை எடுத்துக் குடுத்தா, குடுக்காம இருப்பாளா?

மறு வருசம் வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. மொதத் துளி விழுறதுக்கு முன்னாடியே தவசியாண்டி கலுங்குல நிக்கிறான். மொற வேற யாருதோ. என்னப்பா, பூப் போட்டுப் பாத்துட்டு வந்தியான்னு ஒருத்தன் கேலி பண்ணுனான்.

"வானத்தப் பாத்தேன்"ன்னான் தவசியாண்டி.

அவன் பலகையத் தூக்குனான், தண்ணி அந்தப் பக்கம் போச்சு, கதை நம்ம பக்கம் வந்துச்சு. காலையில எந்திரிக்கவா வேண்டாமான்னு எந்தச் சாமியையும் கேக்காம, எந்திரிச்சுப் பல்ல வெளக்குங்க.