பதினான்காம் அறையின் கதவு

டக்.

இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆளில்லாத தாழ்வாரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொரு டக். பிறகு நகத்தால் கீறுவது போல ஒரு கிறீச்.

பதினான்காம் அறையில் தங்கியிருந்த ஆய்வு மாணவி நசீமா, கைக்குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

"யாரோ தட்டுறாங்க, மேடம்!"

விடுதிக் காப்பாளர் வேதவல்லி டார்ச்சோடு வந்தார். ஐம்பத்தாறு வயது, முப்பது வருடம் தத்துவம் நடத்திய பேராசிரியர். புயல் வெள்ளம் பல்கலைக்கழகத்துக்குள் நான்கு நாள் நின்று வடிந்ததும், தச்சு வேலைக்கு ஆள் போதவில்லை என்று தானாகப் போய்ச் சீடராகச் சேர்ந்துகொண்டவர். அவருடைய குரு பிலோமினா, பராமரிப்புப் பிரிவின் தச்சர். வயது முப்பத்திரண்டு.

குரு வந்து கதவில் காது வைத்துக் கேட்டார்.

"யாரும் தட்டல. மரம் காயுது. காயுற மரம் இப்படித்தான் பேசும்."

"பேசட்டும் அக்கா," என்றாள் நசீமா. "சாத்த மாட்டேங்குதே."

உண்மைதான். ஊறி வீங்கிய கதவு நிலைக்கு நான்கு விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. தாழ்ப்பாள் இருந்தும் பயனில்லை. வெளியே சுற்றுச்சுவர் ஐம்பதடி விழுந்து கிடந்தது. மாடியில் ஏற்கனவே அறைக்கு ஆறு பேர்; இடமில்லை. நசீமா தூங்கி ஐந்து நாளாகிறது.

வேதவல்லி மரம் சீவும் இழைப்புளியைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார்.

"இப்பவே இழைச்சுடலாம், மேஸ்திரி."

குரு டார்ச்சை வாங்கிப் பதின்மூன்றாம் அறைக் கதவில் அடித்தார். வெள்ளம் வடிந்த முதல் வாரம், ஈரத்தோடு, நிலைக்குச் சரியாக இழைத்த கதவு அது. அன்று எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது மரம் பாதி காய்ந்ததற்கே சுருங்கியிருந்தது. தாழ்ப்பாள் துளையை எட்டவில்லை. உள்ளே ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது.

"இது யார் கைவேலை?"

"என்னோடதுதான்."

"நாய் உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்லிச்சு."

நசீமாவே சிரித்துவிட்டாள்.

"காயணும், மேடம். ஒன்பது நாளோ பத்து நாளோ. தானா உக்காந்துக்கும்."

வேதவல்லிக்குக் கோபம் வந்தது. "பொறுமையா இருன்னு சொல்றது சுலபம். நானும் முப்பது வருஷம் வகுப்புல சொல்லியிருக்கேன். இன்னிக்கு ராத்திரி இந்தப் பொண்ணு எப்படித் தூங்குவா?"

குரு பட்டறைக்குப் போய்ப் பாயோடு திரும்பினார். பதினான்காம் அறை வாசலுக்குக் குறுக்கே விரித்தார். சுத்தியலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்.

"குறட்டை விடுவேன்மா. பொறுத்துக்க."

சீடரும் தன் தலையணையை எடுத்துவந்தார்.

மறுநாள் மாடியிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கிவந்தார்கள். அதற்கடுத்த நாள் ஏழு பேர், பிளாஸ்க் நிறையத் தேநீரோடு. நூலகத்தின் நனைந்த புத்தகங்களை மடியில் வைத்து விசிறிக்கொண்டே பாடினார்கள். பதின்மூன்றாம் அறை நாயும் வந்து படுத்தது. ஆறாம் நாள் குழந்தை தவழத் தொடங்கியது. முதல் பயணமே தத்துவப் பேராசிரியரின் வயிற்றின் மேல்தான்.

தினமும் மாலையில் குரு இடைவெளியில் விரல் வைத்துப் பார்ப்பார்.

"மூணு விரல்!" என்று ஒருத்தி மாடிவரை கத்துவாள். கிரிக்கெட் ஸ்கோர் போல.

"ரெண்டு!"

"ஒண்ணு!"

ஒன்பதாம் நாள் விரல் நுழையவில்லை. தாழ்வாரமே கூச்சலிட்டது.

நசீமா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அப்போ எல்லாரும் போயிடுவீங்களா, அக்கா?"

"நீ போகச் சொன்னா போவோம்."

அவள் கதவைச் சாத்தினாள். உடனே திறந்து எட்டிப் பார்த்தாள். எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். மறுபடி சாத்தினாள், திறந்தாள். குழந்தை இதை விளையாட்டென்று நினைத்துக் கெக்கலித்தது. மூன்றாம் முறை சாத்திய கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் சத்தமும் வரவில்லை.

பெண்கள் தலையணைகளை எடுத்துக்கொண்டார்கள். வேதவல்லி பாயைச் சுருட்டக் குனிந்தார். குரு அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"கதவுதான் சரியாயிடுச்சே, மேஸ்திரி?"

"ஆயிடுச்சு."

"தாழ்ப்பாள் போட மறந்திருப்பா. தட்டிச் சொல்லட்டுமா?"

"மறுபடியும் ஈரத்துல இழைக்கப் பாக்குறீங்க, மேடம்."

வேதவல்லி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பெண்களும் தலையணைகளோடு உட்கார்ந்தார்கள். உள்ளே தாலாட்டு பாதியில் நின்றது. காலடிகள் கதவு வரை வந்தன. தாழ்ப்பாள் நகர்ந்தது.

டக்.