மாடியில் இன்னொருவர்

மோட்டாரைக் கேள் என்றோ, வீட்டுக்காரரைக் கேள் என்றோ பிளம்பரான என் பெரியப்பா சொல்வார்; எது என்று இப்போது நினைவில்லை. பிளம்பர் சேர்மத்துரை இரண்டையும் கேட்டான்.

ஓய்வுபெற்ற அணைப் பொறியாளர் ஆவுடைநாயகம்தான் காலனித் தலைவர். கீழ்த்தளத்து ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறதென்று ஏற்கெனவே இரண்டு பிளம்பர்களை விரட்டியிருந்தார்.

“நாலு அணை கட்டினவன் நான். கிணத்துல தண்ணி கெடக்கு, குழாயைத் திறந்தா தானா ஓடுற மோட்டார், அதுவும் புதுசு, வீட்டுல நான் ஒருத்தன்தான். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழட்டாம காரணத்தைச் சொல்லு. இல்லேன்னா இந்தக் காலனியில உனக்கு வேலை கிடையாது.”

சேர்மத்துரைக்கு வேறெங்கும் வேலையில்லை.

“வழக்கம்போலக் குளிக்கக் கிளம்புங்க சார். ஷவரை மட்டும் திறக்காதீங்க.”

ஆவுடைநாயகம் மாடிக்குப் போய் வந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மிடுக்காக நின்றார். கீழே ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாடிக்கு ஏறும் குழாயைச் சேர்மத்துரை தொட்டுப் பார்த்தான். உள்ளே தண்ணீர் ஓடுவது கையில் தெரிந்தது.

“நீங்க ஒருத்தர்னு சொல்றீங்க. மோட்டார் ரெண்டு பேருங்குது. மாடியில குளிக்கிறது யாரு சார்?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சம்சாரம் போனப்புறம் வீட்டுல சத்தமே இல்ல. குளிக்கும்போது மேல குழாயைத் திறந்து விட்டா யாரோ இருக்காப்ல இருக்கும்.”

“மாடிக்குத் தனி லைன் இழுத்துரட்டுமா சார்? ரெண்டு பேருக்கும் தண்ணி நல்லா வரும்.”

“வேண்டாம். காலனி வேலையை இனி நீயே பாரு,” என்றவர், மாடிக்குப் போய்க் குழாயை மூடினார்.