ஆலயத்துக் கரண்டில் பாடிய பெட்டி

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். பதில் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் முதலில் அந்தப் பெட்டியின் கனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடக்கூடிய கனம்தான்.

மெய்யருள்புரம் ஆலயத்தின் பாடகர் குழுவில் பெர்சியாள் கிட்டார் வாசித்தாள். வாசித்தாள் என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும். கீபோர்டும் டிரம்ஸும் முழங்கும்போது அவளுடைய விரல் அசைவது தெரியும், சத்தம் கேட்காது. வீட்டிலும் அதே கதைதான். அப்பா ஞானாபரணம் இருபத்தாறு வருஷம் நூற்பாலையில் உழைத்து, காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். போன வருஷம் சர்க்கரை நோயில் ஒரு காலும் போயிற்று. ஒரு காலத்தில் அதே குழுவில் பாடியவரால் இப்போது கட்டிலை விட்டு இறங்க முடியாது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால், கேட்காத பாட்டுக்கும் மரியாதையாகத் தலையாட்டுவார். அந்த ஆட்டல்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆகவே கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, ஓர் ஆம்ப், வாங்குவது என்று முடிவு செய்து, இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்தாள். குழுவுக்கு: அறுப்பின் பண்டிகை முதல் என் கிட்டார் ஆலயத்தில் சபையார் உட்காரும் கடைசிப் பாய்வரை கேட்கும். அப்பாவுக்கு: தினமும் சாயங்காலம் ஒரு பாட்டு, உங்கள் காதுக்கு எட்டுகிற மாதிரி.

பாளையங்கோட்டைக் கடைக்குக் குழுத் தலைவர் வின்ஸ்டனும் கூட வந்தார். அவள் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்துக்குள் அடங்கியவை மூன்று. உள்ளங்கையளவு பேட்டரிப் பெட்டி ஒன்று. இடுப்புயரத்துக்குப் பழைய பெட்டி ஒன்று, யாரோ விற்றுவிட்டுப் போனது. இரண்டுக்கும் நடுவில், கைப்பிடி வைத்த பதினைந்து வாட் பெட்டி ஒன்று.

வின்ஸ்டன் பழைய பெட்டியைத் தட்டிக் காட்டினார். "ஏட்டி, இதை வாங்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும்."

"அந்தப் பக்கம் யாரு இருக்கா அண்ணே? எங்கப்பா இந்தப் பக்கம்லா இருக்காரு."

எல்லாரும் சத்தத்தை ஏற்றித்தான் ஆம்ப் பார்ப்பார்கள். பெர்சியாள் இறக்கிப் பார்த்தாள்; மந்தமான காதுக்குச் சத்தத்தைவிடத் தெளிவுதான் வேண்டும். பெரிய பெட்டி, திருகைக் குறைத்ததும் வாய்க்குள்ளேயே முனகியது. சின்னது கொசுவாட்டம் ரீங்கரித்தது. நடுப்பெட்டி மட்டும் தாழ்ந்த குரலிலும் ஒவ்வொரு தந்தியையும் தெளிவாகச் சொன்னது. ஆலயத்து ஒலிபெருக்கியோடு இணைக்க அதன் முதுகில் ஒரு துளையும் இருந்தது. அதையே வாங்கினாள்.

சனிக்கிழமை ஒத்திகையில்தான் வின்ஸ்டன் சட்டத்தை எடுத்தார். பிரதிஷ்டை செய்யாத பொருள் ஆராதனையில் ஒலிக்கக் கூடாது. பிரதிஷ்டை செய்த பொருள் ஆலய வாசற்படியைத் தாண்டக் கூடாது. இது சபை வழக்கம்.

"அப்போ என் கிட்டார் வாராவாரம் தாண்டுதே?"

"அது யாருக்குட்டி கேட்டுச்சு? இது ஆலயத்துக் கரண்டைக் குடிச்சுப் பாடுதுல்லா. ஆலயத்துக்குத்தான் சொந்தம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சிவந்தது. பிரதிஷ்டைக்குச் சம்மதிக்காவிட்டால் குழுவுக்குக் கொடுத்த வாக்குப் போகும்; சம்மதித்தால் அப்பாவுக்குக் கொடுத்தது. விடியும்வரை யோசித்துவிட்டு, சம்மதித்தாள்.

மறுநாள், அறுப்பின் பண்டிகை ஞாயிறு காலை, குருவானவர் பெட்டியின்மேல் கைவைத்து ஜெபித்தார். கிட்டார் கடைசிப் பாய்வரை கேட்டது. ஆராதனை முடிந்ததும் பெர்சியாள், யாரிடமும் கேட்காமல், எல்லார் கண்ணெதிரிலும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படியைத் தாண்டினாள். மத்தியானம் கட்டிலருகே வாசித்தாள். அப்பா தலையாட்டவில்லை. வாய்திறந்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு, தாழ்ந்த சுருதியில் கூடவே பாடினார்.

அது மாதத்தின் முதல் ஞாயிறு. நாலு மணிக்கு, வழக்கம்போல, குருவானவர் அப்பாவுக்குத் திருவிருந்து கொடுக்க வந்தார். பின்னால் தோல்பெட்டியோடு வின்ஸ்டன். அதைத் திறந்து வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துத் துடைத்து முக்காலியில் வைத்தார். ஆலயத்துப் பழைய கிண்ணம்; அடியில் ஒரு குடும்பத்தின் பெயரும் பிரதிஷ்டை செய்த வருஷமும் வெட்டியிருக்கும். திருவிருந்து முடிந்தது. கிண்ணத்தை உள்ளே வைத்து மூடிய பிறகு வின்ஸ்டன் ஆம்பைப் பார்த்தார்.

"ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுக்கலாமாட்டி?" என்று அதைத் தூக்கினார்.

பெர்சியாள் குறுக்கே நின்றாள். குருவானவர் தம் அங்கியின் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். நியாயம் பேச வேண்டிய நேரத்தில் பொத்தான்!

அப்பாதான் பேசினார். "விடும்மா, கொண்டு போகட்டும். ஆலயத்துக்குச் சொன்ன வாக்குதான் பெருசு. எனக்குச் சொன்னதை நான் விட்டுக் கொடுத்துட்டேன்."

வலது கையில் தோல்பெட்டி, இடது கையில் ஆம்ப். வின்ஸ்டன் படியிறங்கினார்.

இப்போது சொல்லுங்கள். கேட்காமல் எடுத்து வந்தாள் மகள். வழக்கத்தைக் காக்க எடுத்துப் போனார் தலைவர். மகள் வாக்குத் தவறியவள் ஆகக் கூடாதென்று விட்டுக்கொடுத்தார் தகப்பன். மூவரில் யார் செய்தது சரி?

விடை: மகள் செய்ததே சரி. வின்ஸ்டன் காத்த வழக்கத்தை அவருடைய வலது கையே மாதந்தோறும் மீறிக்கொண்டிருந்தது. வர முடியாதவரிடம் ஆலயம் போகும்போது, பிரதிஷ்டை செய்த பொருளும் கூடவே போகும். அதற்குத்தானே அந்தத் தோல்பெட்டிக்குக் கைப்பிடி வைத்தார்கள்? தகப்பனுடைய பெருந்தன்மையை நான் மதிக்கிறேன், ஆனால் அது தப்பு: அவரும் சபைதான், அவர் கட்டிலில் பாடியதும் ஆராதனைதான், அதை விட்டுக்கொடுக்க அவருக்கே உரிமை கிடையாது. பெர்சியாள் இத்தனையும் பேசவில்லை. வாசலில் நின்று ஒன்றுதான் கேட்டாள்: "அண்ணே, உங்க வலது கையில இருக்கிறது எந்தப் படியைத் தாண்டி வந்துச்சு?" வின்ஸ்டன் தெருவில் நின்றார். இரண்டு கைகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, ஆம்பைக் கட்டிலருகே வைத்தார். "ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு இது ஆலயத்துல இருக்கணும், ஆமா" என்று அதட்டிவிட்டு, பிளக்கைத் தானே செருகிவிட்டுப் போனார். வீட்டுக் கரண்டில்.