வெள்ளித்தாள் சுற்றிய பாக்கு

வெண்குன்ற நாட்டைக் கோளரி என்றொரு ராஜா வெகுகாலத்துக்கு முன்னால் ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் அதைச் சொன்னவனை உதைக்க வேண்டும் என்பான். ஒருமுறை தன் கிளிக்குச் சேனாபதிப் பட்டம் கட்டி, வாரம் முடிவதற்குள் அதைச் சிறையிலும் அடைத்தான். இப்படிப்பட்டவனோடு குடித்தனம் நடத்த வேண்டிய தலையெழுத்து மந்திரி சேந்தனாருக்கு.

நல்லவேளையாக, கோளரியின் பாட்டனார் கொஞ்சம் விவரமானவர். சின்ன நீதிமன்றங்களுக்கு ராஜா ஆள் போடலாம். எல்லா மேல்வழக்கும் வந்து முடிகிற தலைமை நீதிமன்றத்துக்கு மட்டும் ஜனங்கள்தான் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதிவைத்துப் போனார். ராஜாவைப் பார்த்தே “நீர் செய்தது தப்பு” என்று சொல்ல வேண்டிய இடம் அது; ராஜா போட்ட ஆள் அதை எப்படிச் சொல்வான்? போட்டியிடுகிற ஆளுக்கொரு குடம் வைப்பார்கள். வீட்டுக்கொரு ஓலை விழும்.

அந்த வருஷம் தலைமை நீதிபதி ஆசனம் காலியானது. அதே சமயம் ராஜாவுக்கு யானைக்கொட்டில் கட்டும் ஆசையும் வந்தது. வேறு இடமே இல்லாததுபோல், பூக்காரி மருதாயியின் மல்லிகைத் தோட்டம்தான் வேண்டும் என்றான். சின்ன நீதிமன்றம் “அப்படியே ஆகட்டும்” என்று எழுதிக்கொடுத்தது. மருதாயி மேல்வழக்குப் போட்டாள். அந்தத் தோட்டம் போனால் அவளுக்குப் பிழைக்க வழி இல்லை.

ஆசனத்துக்குப் போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் இளநாகர். யார் போய்த் தன் வழக்கைப் பற்றிக் கேட்டாலும், “இரண்டு பக்கமும் கேட்காமல் நான் என்ன சொல்வது?” என்று அனுப்பிவிடுவார். ஓட்டுக் கேட்கிற மனிதன் பேசுகிற பேச்சா இது என்று ஊரே அவரைப் பழித்தது. இன்னொருவர் அரசவைப் பிரபு குழைக்காதர். மந்திரியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். அவர் வீட்டுக்குப் போன எவனும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. “உன் வழக்கு ஜெயித்த மாதிரிதான், போ” என்று, வெள்ளித்தாள் சுற்றிய கொட்டைப்பாக்கு ஒன்றை உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். அந்த நாட்டில் பாக்கு கைமாறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மறுத்தவன் வீட்டுக்கு ஒருவரும் பெண் கொடுக்கமாட்டார்கள்.

ராஜாவின் மடியிலும் அப்படி ஒரு பாக்கு இருந்தது. அதைச் சபையில் எடுத்துக் காட்டி, “பார்த்தீரா மந்திரி, நீதிபதி என்றால் இவரல்லவா” என்றான். சேந்தனாருக்கு நெஞ்சு கசந்தது. இந்தக் குழைக்காதன் அந்த ஆசனத்தில் உட்கார்ந்தால் இன்றைக்கு மல்லிகைத் தோட்டம், நாளைக்கு யார் வீடோ என்று நினைத்தபடி வீட்டுக்குப் போனார். வாசலில் மருதாயி நின்றிருந்தாள். முந்தானையை அவிழ்த்து எதையோ நீட்டினாள். “சாமி, இதை நம்பலாமா?” அதே பாக்கு, அதே வெள்ளித்தாள்.

மந்திரி அன்றைக்குத்தான் பல நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் சபையில் குழைக்காதரை வானளாவப் புகழ்ந்தார். இவரிடம் பாக்கு வாங்கியவர்கள் எல்லாரும் ஓலை போடுகிற நாளில் தலைமை நீதிமன்ற முற்றத்துக்கு வந்து, வழக்கில் நிற்கிற இடத்தில் நின்று, பாக்கை உயர்த்திக் காட்டட்டும். இவர் செல்வாக்கை உலகம் பார்க்கட்டும் என்றார். குழைக்காதருக்குப் புகழ்ச்சி இனித்தது. வரப்போகிற கூட்டத்தை எண்ணிப் பூரித்தாரே தவிர, அது எப்படி நிற்கும் என்று யோசிக்கவில்லை. உடனே பறையறையச் சொல்லி ராஜாவை அவரே கெஞ்சினார்.

அந்த முற்றத்தில் மேல்வழக்குப் போட்டவர் வேப்பமரத்துப் பக்கம், எதிர்வழக்காளி கிணற்றுப் பக்கம் நேருக்கு நேர் நிற்பதுதான் முறை. அப்படியே நின்றார்கள். பாக்குகளை உயர்த்தினார்கள். பிறகுதான் ஒவ்வொருவனும் எதிரே பார்த்தான். ஒரே காளைக்கு அடித்துக்கொண்ட அண்ணன் தம்பி கையில் ஆளுக்கொரு பாக்கு. மாமியாரிடம் ஒன்று, மருமகனிடம் ஒன்று. தனக்குத் தீர்ப்பை முன்கூட்டியே விற்றதில் ஒருவருக்கும் கோபமில்லை. எதிரிக்கும் விற்றதுதான் கோபம். அப்படிப்பட்ட ஜனங்கள்தான் அவர்களும்.

ராஜா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சேந்தனார் பணிவாகக் குனிந்து, “தாங்களும் வழக்காளிதானே, மகாராஜா. கிணற்றுப் பக்கம் தங்கள் இடம் காலியாக இருக்கிறது” என்றார்.

ராஜா ஜம்பமாக இறங்கிப் போய்ப் பாக்கை உயர்த்தினான். எதிரே வேப்பமரத்தடியில் மருதாயியும் உயர்த்தினாள்.

சிரிப்பு நின்றது. “குழைக்காதன் உனக்கு என்ன சொல்லி இந்தப் பாக்கைக் கொடுத்தான்?” என்று ராஜா கேட்டான்.

மருதாயி மந்திரியைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். “வழக்கை நாலு தடவை தள்ளிப் போடுகிறேன், அதற்குள் அந்த ஆள் கொட்டிலை மறந்து குரங்கு வளர்க்கப் போய்விடுவார் என்றாருங்க.”

குழைக்காதர் வேட்டியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். ராஜா இளநாகர் பக்கம் திரும்பினான். “நீர் சொல்லும். தோட்டம் யாருக்கு?”

“இரண்டு பக்கமும் கேட்காமல் நான் என்ன சொல்வது?”

“ராஜா கேட்டால் கூடவா?”

“ராஜா கேட்டால் முக்கியமாக.”

சாயங்காலம் குடங்களைக் கவிழ்த்தார்கள். இளநாகர் குடத்திலிருந்து ஓலைகள் குவிந்தன. குழைக்காதர் குடத்திலிருந்து ஒரு பல்லி ஓடியது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். குழைக்காதருக்கும் ஒரு பதவி கொடுத்தான்: இனிமேல் நீதிமன்ற வாசலில் நின்று, தீர்ப்புக் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் பாக்கு கொடுக்க வேண்டும், வாய் மட்டும் திறக்கக்கூடாது.

முதல் வழக்கே மல்லிகைத் தோட்டம். இளநாகர் இரண்டு பக்கமும் கேட்டார். தோட்டம் மருதாயிக்கே என்றார். ராஜா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தான். வாசலில் குழைக்காதர் பேசாமல் தட்டை நீட்டினார்.

ராஜா ஒரு பாக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது மெல்லுவதற்கா, இல்லை, இதையும் நம்ப வேண்டுமா?” என்றான்.