டாபோ இல்லாத டிராக்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று எவனோ கிளப்பிவிட்டுவிட்டான். ஆவுடையப்பனின் குருவுக்குத் தாடி கிடையாது. வயதிலும் அவரைவிட ரொம்பச் சின்னவர். பெயர் மங்கையர்க்கரசி. சாலிகிராமத்தில் ஒரு மாடி அறை. வெளிச்சத்தம் உள்ளே வராதபடி சுவரெல்லாம் பஞ்சு அடித்திருக்கும். அங்கே உட்கார்ந்து, ஜப்பான்காரர்கள் வரைந்து அனுப்பும் அனிமே தொடர்களைத் தமிழ் பேச வைப்பதுதான் அந்த அம்மாளுக்குத் தொழில்.

ஆவுடையப்பன் தென்காசிக்காரர். நல்ல கனத்த குரல். அதை வைத்துக்கொண்டு தலை நரைக்கும் வரை டப்பிங் படங்களில் அடியாளாகவே பேசினார். "பாஸ், அவன் தப்பிச்சிட்டான்!" என்பதற்கு மேல் நீளமாக ஒரு வசனம் அவருக்கு வாய்த்ததில்லை. அரசி மேடம்தான் ஒருநாள் கூப்பிட்டு, "அண்ணாச்சி, கதாநாயகனுக்குப் பேசுறீங்களா?" என்று கேட்டார். அன்று முதல் மேடம் சொன்னதே அவருக்கு வேதம்.

கதாநாயகன் பெயர் கென்ஸோ. வாள் வீரன், முசுடு, தனியாகத் திரிகிறவன். தனியாகத் திரிய விட்டால்தானே! டாபோ என்று ஒருத்தன் அவனோடு ஒட்டிக்கொண்டான்.

டாபோ பாதி மனுஷன், பாதி மரநாய். வாய் மட்டும் முழுசு. எதிரிக்காகக் கென்ஸோ புதரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவான். கென்ஸோவின் வாளை எடுத்துக் கிழங்கு சீவுவான். கென்ஸோவின் செருப்பைச் சூப்பில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டு, உப்புப் போதவில்லை என்பான்.

டாபோவின் வாய் போகிற வேகத்துக்குத் தமிழைப் பொருத்துவது லேசான காரியமில்லை. அதனால் எப்போதும் அவன் குரலைத்தான் முதலில் பதிவார்கள். பிறகு அது ஆவுடையப்பனின் ஹெட்போனில் ஓடும். தலையை ஒருபக்கம் சாய்த்து, ஹெட்போனை விரலால் அழுத்திக்கொண்டு, அதைக் கேட்டுக் கேட்டு இவர் பதில் பேச வேண்டும்.

"மேடம், இந்த மூதி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க. காதுக்குள்ள ஏறி உக்காந்துக்கிட்டுக் கத்துதான்."

"குறைச்சா உங்களுக்குக் கோபம் வராதே அண்ணாச்சி."

"எப்பதான் மேடம் சாவான் இவன்?"

ஒருநாள் செத்தே போனான். ஆற்றில் வெள்ளம். பாலம் உடைகிறது. ஊர்ச் சனம் கரையேறும் வரை டாபோ கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போதும் வாயை மூடவில்லை. வளவளவென்று பேசிக்கொண்டே தண்ணீரோடு போய்விட்டான். அன்றைக்கு ஆவுடையப்பன், "விட்டுது சனியன்!" என்று சொல்லி ஸ்டுடியோவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

வினை அடுத்த வாரம் வந்தது.

ஆற்றங்கரையில் கென்ஸோ தனியாக உட்கார்ந்திருக்கிறான். முதுகுதான் தெரிகிறது. முன்னால் சின்ன அடுப்பு, அதில் சோறு. தாளில் எழுதியிருந்த வசனம் இது: "டாபோ! என்னை விட்டுப் போய்விட்டாயே! நீ இல்லாத வாழ்வும் ஒரு வாழ்வா!" அழுதுகொண்டே பேச வேண்டும்.

ஆவுடையப்பன் அழுதார். காலையிலிருந்து அழுதார். ஒருமுறை பல்வலிக்காரர் மாதிரி இருந்தது. ஒருமுறை விக்கல் எடுத்த மாதிரி இருந்தது. ரெக்கார்டிங் பார்க்கும் பிரிட்டோ நல்ல மனுஷன், பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். முந்தின நாள் இதே காட்சியைப் பேசி அனுப்பிய மாதிரிப் பதிவைக் கேட்டுவிட்டுச் சேனல்காரர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்: இன்று சாயங்காலத்துக்குள் இந்தக் காட்சி சரியாக வரவில்லை என்றால் கென்ஸோவுக்கு வேறு ஆள்.

ஊரில் ஆவுடையப்பனின் பேரன் பேத்திகள் எல்லாம் "எங்க தாத்தாதான் கென்ஸோ" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருக்கிறார்கள். மறுபடியும் "பாஸ், அவன் தப்பிச்சிட்டான்" என்று போய் நிற்கவா?

மத்தியானம் மைக் அறையை விட்டு வெளியே வந்து மேடத்தின் எதிரில் உட்கார்ந்தார்.

"எங்கப்பா செத்ததை நெனச்சுப் பார்த்தேன் மேடம். அதுக்கும் வரலை."

"கடைசி டேக்லயா?"

"ஆமா."

"அது நல்லாத்தான் இருந்தது. ஆனா அண்ணாச்சி, கென்ஸோ எதுக்கு உங்கப்பாவுக்கு அழணும்?"

ஆவுடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ளதைச் சொல்லுதேன் மேடம். அவன் செத்தது எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. நம்மளைப் பாடாய்ப் படுத்துனவன் போயிட்டா, அவனுக்காக எப்படி அழ?"

மேடம் பிரிட்டோ பக்கம் திரும்பினார்.

"பிரிட்டோ, அந்தப் புதர் சீனைப் போடுங்க. படம் வேண்டாம், சத்தம் மட்டும். டாபோ டிராக்கை எடுத்துடுங்க."

"மியூசிக் மேடம்?"

"அதுவும் வேண்டாம். அண்ணாச்சி குரல் மட்டும் இருக்கட்டும்."

டப்பிங்கில் ஒவ்வொருத்தர் குரலும் தனித்தனி டிராக்கில் இருக்கும். ஒன்றை அமுக்கினால் அந்த ஆள் இருந்த சுவடே இருக்காது. பிரிட்டோ அமுக்கினான்.

ஸ்பீக்கரில் ஆவுடையப்பனின் குரல் வந்தது.

"வாயை மூடு."

பிறகு ஒன்றுமில்லை. வெறும் அமைதி.

"தொடாதே அதை."

அமைதி.

"உன்கிட்ட யாரு கேட்டா?"

நீளமாக அமைதி.

"சரி, பாடித் தொலை. மெதுவாப் பாடு."

அமைதி.

"என் சோறு எங்கே?"

ஆவுடையப்பன் நாற்காலியில் நெளிந்தார். "என்ன மேடம் இது? கோட்டிக்காரன் தனியாப் பேசுத மாதிரி இருக்கு."

"அவன் இருந்தப்போ எப்படி இருந்தது?"

"அப்போ... கோபக்காரன் பேசுத மாதிரி இருந்துச்சு."

"வசனம் மாறலையே அண்ணாச்சி."

ஸ்பீக்கர் ஓடிக்கொண்டே இருந்தது. "எங்கே போய்த் தொலைஞ்சே?" என்று அவர் குரல் கேட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. "தனியா எங்கேயும் போகாதேன்னு சொன்னேனா இல்லையா?" என்று மறுபடியும் கேட்டது. அதற்கும் பதில் இல்லை. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. மூக்கு வழியாக, அடக்க முடியாமல் வெளியே வந்த சிரிப்பு.

ஆவுடையப்பன் நிமிர்ந்தார்.

"அது யாரு சிரிக்குதது?"

"உங்க டிராக் மட்டும்தான் ஓடுது" என்றார் மேடம்.

"நான் சிரிக்கலியே! கென்ஸோ சிரிக்கவே மாட்டானே மேடம். தாள்ல சிரிப்புன்னு போட்டிருந்துச்சா?"

"போடலை. ஜப்பான் டிராக்லயும் இல்லை. படத்துல அந்த இடத்துல கென்ஸோ வாயே திறக்கலை."

"அப்புறம்?"

"ஹெட்போன்ல டாபோ உளறினதைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அது உங்களுக்கே தெரியலை. பிரிட்டோ அதை வெட்டிடலாம்னு சொன்னார். நான்தான் இருக்கட்டும்னு வெச்சேன்."

பிரிட்டோ ஆமாம் என்று தலையசைத்தான்.

ஆவுடையப்பன் ஸ்பீக்கரையே பார்த்தார். தப்பு என்றால் தப்புத்தான். வாய் மூடியிருக்கிற பொம்மைக்குச் சிரிப்புக் கொடுப்பது டப்பிங்காரன் செய்யக் கூடாத வேலை. வேறு யாராவது செய்திருந்தால் அவரே முதல் ஆளாகக் கேலி பண்ணியிருப்பார்.

"இன்னும் ஒருதரம் போடுங்க தம்பி" என்றார்.

பிரிட்டோ போட்டான். திட்டு, அமைதி, திட்டு, அமைதி. கடைசியில் அந்தச் சிரிப்பு. இந்தத் தடவை ஆவுடையப்பனின் உதடு அசைந்தது. அமைதி வருகிற இடமெல்லாம் அவர் வாய்க்குள்ளேயே டாபோவின் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றையும் விடவில்லை. பாட்டைக்கூட முழுசாக முணுமுணுத்தார். அவனைச் சகிக்க முடியாது என்று சொன்ன மனுஷனுக்கு அவன் பேசியது அத்தனையும் மனப்பாடமாக இருந்தது.

முடிந்ததும், "எளவு..." என்று ஆரம்பித்தார். எழுந்து தானாகவே மைக் அறைக்குள் போனார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். வசனத்தாள் மேடத்தின் மேஜையிலேயே கிடந்தது.

"மேடம், தாளை விட்டுட்டுப் போயிட்டார்" என்றான் பிரிட்டோ.

"தெரியும். கென்ஸோ முதுகுதானே தெரியுது. உதடு தெரியாத இடத்துல என்ன வேணா பேசலாம். ஓட விடுங்க."

திரையில் ஆறு ஓடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. கென்ஸோ அடுப்பைக் கிளறிவிட்டு, தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"ஏலே டாபோ" என்றார் ஆவுடையப்பன். "வாலே, சோறு ஆறுது."

சாதாரணமாகத்தான் சொன்னார். குரல் நடுங்கவில்லை. சொல்லிவிட்டு, வழக்கம்போலத் தலையை ஒருபக்கம் சாய்த்து, வலது காதுப் பக்கம் ஹெட்போனை விரலால் அழுத்திக்கொண்டு நின்றார். திரையில் காற்றடித்தது. புல் அசைந்தது. காட்சி முடிந்தது. அவர் அப்படியே நின்றார்.

பிரிட்டோ கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவை நிறுத்தினான். "சேனலுக்குப் போன் போட்டு, வேற ஆள் தேட வேண்டாம்னு சொல்லிடுங்க பிரிட்டோ" என்றார் மேடம்.

மைக் அறைக் கதவு திறந்தது. ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

"மன்னிச்சுக்கிடுங்க மேடம். ஒரு பொட்டுத் தண்ணி வரலை. வசனத்தையும் மாத்திப் பேசிட்டேன். இன்னொரு டேக் போவமா?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"அழவே இல்லியே மேடம்?"

"நான் அழுகையை எடுக்கலை. சோறு ஆறுதுன்னு சொல்லிட்டு, அவன் ஏதாவது சொல்லுவான்னு நின்னீங்க பாருங்க, அதைத்தான் எடுத்தேன்."