அழுதாலும் நிற்காத மேளம்

பறவைகள் மனுஷரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பிரேசில் நாட்டில் ஓர் ஆற்றங்கரை ஊர் இருந்தது. அந்த ஊரில் திருவிழா என்றால் மேளம் கொட்டி ஆடுவார்கள். ஆனால் அடிக்கிறவர் கண் கலங்கினால் போதும், மேளத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட வேண்டும். அழுகிற கை மேளத்தில் படக்கூடாதாம். என்ன வழக்கமோ, போங்கள்!

ஜசீரா அங்கே மேளம் அடித்துப் பாடுகிறவள். திருவிழா முடிந்ததும் அவளுக்கும் படகோட்டி அனீசியோவுக்கும் கல்யாணம் என்று பேச்சு. அதற்குள் ஆறு அவனை இழுத்துக்கொண்டது. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

ஊரை ஒட்டிய காட்டில் உருத்தாவு என்று ஒரு பறவை உண்டு. பகலெல்லாம் பட்ட கிளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் பார்க்கும். ஆற்றுக்கு அடியில் இருப்பவர்களோடும் அது பேசும் என்று ஊரே அதைக் கண்டு நடுங்கியது. ஜசீரா அதனிடமே போனாள். அவன் இல்லாமல் சோறு இறங்கவில்லை, ஒரு தரம் கூப்பிட்டுக் கொடு என்று கெஞ்சினாள்.

பறவை இமை திறக்காமலே பேசியது. "திருவிழாவில் மேளம் அடி. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வருவான். பொழுது சாயும்வரை மேளம் நிற்காவிட்டால் உன்னோடே இருந்துவிடுவான். நடுவில் நின்றால் அவனுக்கு வழியும் இல்லை, எனக்கு வாயும் இல்லை."

திருவிழா அன்று ஜசீரா நல்ல வெயிலிலேயே தொடங்கிவிட்டாள். ஊர் சிரித்து ஆடியது. வெயில் தணிகிற நேரத்தில், ஆடுகிறவர்கள் நடுவே தரையில் ஈரக் காலடிகள் தெரிந்தன. யார் வந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. யாரோ ஒருவனோடு கைகோத்து ஆடிய ஒருத்தி, கை சில்லிட்டுப் போனதென்று பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

காலடிகள் மேளத்தருகே வந்து நின்றன. அனீசியோ! தலைமுடியில் பாசி, சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"வீட்டு வழி மறந்துபோச்சு, ஜசீரா. நீ அடிக்கிறதைக் கேட்டுத்தான் வந்தேன்" என்றான்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாவம், பிறந்ததிலிருந்து பழகிய கை. தன்னை அறியாமல் மேளத்தைக் கவிழ்த்துவிட்டது. ஆட்டம் நின்றது. அவன் நின்ற இடத்தில் கொஞ்சம் ஆற்றுத் தண்ணீர் மட்டும் தேங்கியிருந்தது.

காட்டில் உருத்தாவு ஏதோ சொல்ல வாய் திறந்தது. சொல் வரவில்லை. படிப்படியாக இறங்குகிற ஓர் ஊளைதான் வந்தது. இன்றும் அதற்கு அந்த ஊளை ஒன்றுதான்.

ஜசீரா விடவில்லை. அழுதுகொண்டே மேளத்தை நிமிர்த்தி மறுபடி அடித்தாள். ஊர் தடுத்தும் கேட்கவில்லை. தடுத்தவர்களுக்கும் ஆற்றோடு போன ஆட்கள் இருந்தார்களே. ஒவ்வொருவராக அழுதபடியே ஆட வந்தார்கள். அனீசியோ வரவே இல்லை.

அன்றிலிருந்துதான் அந்த நாட்டில், பிரிந்தவரை நினைத்து நெஞ்சு வெடிக்கப் பாடும்போதும் மேளம் குதித்துக்கொண்டே இருக்கிறது. நிறுத்தினால் பாதி வழியில் இருக்கிறவர் எங்கே போவார் என்று யாரும் கையை எடுப்பதில்லை.