பாலத்துக்கு இதயம் கிடையாது

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் ஜெயசீலனின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. அன்று மாலை கடையின் மாடியில் உலகத்தைக் காப்பாற்றும் வேலை நடக்கும்.

பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் அது. ஆளுக்கொரு பாத்திரம். கதையை நடத்துகிறவர் ஜெயசீலன். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். முபாரக் அதில் திருடன். கற்பகம் வைத்தியச்சி. செல்வின், கண் தெரியாத துறவி இருளப்பர். ஆயுதம் எதுவும் தொடமாட்டார், வெறுங்கையாலேயே பூதங்களைப் புரட்டி எடுப்பார்.

எதிரியின் இதயத் துடிப்பு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இருளப்பருக்குக் கேட்டுவிடும். திருடன் பதுங்கிப் போவதற்குள் சண்டை முடிந்துவிடும். காயமே படாத ஆளை வைத்துக்கொண்டு வைத்தியச்சிதான் என்ன செய்வாள்? முபாரக் வாராவாரம் நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுவிட்டுப் போனான். இன்றோடு சரி, இனி வரமாட்டேன் என்று செல்வினிடம் போனில் சொல்லியும் விட்டான்.

செல்வினுக்கு அது சுருக்கென்று தைத்தது. முபாரக் இல்லையென்றால் ஆட்டமே கலைந்துவிடும். மற்றவர்களுக்கு முன்னதாகவே வந்து மாஸ்டரிடம் கேட்டான்.

“இருளப்பர் ஒரு சண்டையிலகூடத் தோத்ததில்ல மாஸ்டர். பின்ன ஏன் அவர்கூட வாறதுக்கு யாருக்கும் பிடிக்கல?”

“டீயைக் குடி மக்கா. விளையாடும்போது பாப்போம்.”

மற்ற இருவரும் வந்தார்கள். மாஸ்டர் ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார்.

“மலையிடுக்கு. கீழ ஆறு. குறுக்க ஒரு பழைய பலகைப் பாலம். அக்கரைக் குகையில பூதம் புடிச்சு வச்ச பிள்ளைங்க அழுதுட்டு இருக்கு.”

“இருளப்பர் முன்னால போறார்” என்றான் செல்வின். “காதைத் தீட்டிக் கேக்கார்.”

“என்னத்தைக் கேக்கார்?”

“இதயத் துடிப்பு.”

“பாலத்துக்கு இதயம் கிடையாது.”

செல்வின் அசட்டுத்தனமாகச் சிரித்தான். “சரி, காலை வச்சுப் பாக்கார்” என்று பகடையை உருட்டினான். பகடை கைவிட்டது. பலகை முறிந்தது. இருளப்பர் ஒற்றைக் கையால் பாலத்தின் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்.

அந்த மேசையில் செத்தவர் செத்தவர்தான். இரண்டு வருடமாக வளர்த்த துறவி. உளுத்த பலகைகளை மாஸ்டர் வரைபடத்தில் சிவப்பால் குறித்திருந்தார். செல்வினின் கண் மெல்ல அங்கே போனது.

“நீ பாக்கலாம் மக்கா” என்றார் மாஸ்டர். “இருளப்பர் எப்படிப் பாப்பார்?”

செல்வின் வரைபடத்திலிருந்து கண்ணை எடுத்தான். முபாரக் பக்கம் திரும்பினான்.

“முபாரக்கு, உன் திருடன் எங்க நிக்கான்?”

“எங்க நிப்பான்? எப்பவும் போலப் பின்னாலதான்.”

“அவனுக்குக் கண்ணு தெரியும்லா? எந்தப் பலகை நல்லதுன்னு இருளப்பர் கேக்கார்.”

முபாரக் சிப்ஸ் பொட்டலத்தைக் கீழே வைத்தான். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டான்.

“ஓய் சாமி! இடது காலைத் தூக்கி முன்னால வையும். அதில்லவே, அது உளுத்தது! இன்னும் தள்ளி!”

பகடையை அவனே உருட்டினான். கற்பகம் கண்ணை மூடிக்கொண்டாள். பகடை நல்லபடியாக விழுந்ததும் மூன்று பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. அக்கரை சேர்ந்த இருளப்பரின் உள்ளங்கை கயிறு உரசித் தோல் உரிந்திருந்தது. கற்பகம் ஆசை தீர மருந்து போட்டாள்.

ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது முபாரக் சொன்னான்: “அடுத்த ஞாயிறு கொஞ்சம் சீக்கிரமே வாங்க. இந்த ஆளைத் தனியா குகைக்குள்ள விட முடியாது.”

செல்வின் மட்டும் பின்தங்கினான்.

“அந்தத் துடிப்பு கேக்குற காது இனி வேண்டாம் மாஸ்டர். எடுத்துரட்டுமா?”

மாஸ்டர் பகடைகளைப் பொறுக்கி ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினார்.

“எதுக்கு மக்கா? முபாரக் சொன்னதைக் கேட்டதும் அதே காதுதானே.”